செங்கன்று மயிலையான கதை

காங்கயம்
ஐப்பசி 18

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததைக்கூடத் தங்கமுத்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போதும் போன் செய்யவில்லை. திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு இப்போது பார்வை தெளிவாக இருக்கிறதா? இங்கே கலைச்செல்வி நலம். சின்னவன் பத்தாவது படிக்கிறான், அதாவது படிப்பதாகச் சொல்கிறான். அச்சகம் ஓடுகிறது. விசாரிப்பு முடிந்தது.

பணம் கேட்டு எழுதவில்லை, பயப்படாதே. நம் ராசு எடுக்கும் படத்துக்கு நீ கொடுத்த பத்தாயிரத்தோடு உன் பாவம் கழிந்தது. போனில் சொல்லாததற்குக் காரணம், கன்றுக்குட்டி என்று ஆரம்பித்ததுமே நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அத்தோடு போய்விடும்.

ராசுவின் படத்துக்கு என்ன பெயர் வைத்தோம், நினைவிருக்கிறதா? 'செங்கன்று'. இரண்டாயிரம் சுவரொட்டி, என் செலவில், என் மிஷினில், நானே பக்கத்தில் நின்று ஓட்டியது. அந்தச் சிவப்புக்காக மூன்று முறை மை கலந்தேன். முதல் முறை செங்கல் நிறம், இரண்டாம் முறை மிளகாய்த்தூள். ஒரு மாதக் கன்றின் முதுகில் காலை வெயில் விழுந்தால் தெரியும் அந்த நிறம் வரும்வரை தாளை வீணடித்தேன்.

அந்தக் கன்று இப்போது மயிலை.

சிரித்து முடித்தாயா? காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதம் ஆனால் சாம்பலுக்கு மாறி மயிலையாகிவிடும். இது தெரியாதவன் நம் பக்கத்தில் உண்டா? என் அப்புச்சி வீட்டுக் கட்டுத்தரையில் நீயும் நானும் பார்த்ததுதானே. ராசுவுக்கும் தெரியும். மாசியில் ஈன்ற கன்று. பங்குனியில் பன்னிரண்டு நாள், வைகாசியில் பத்து நாள் எடுத்தால் கன்று வரும் காட்சிகள் முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. பங்குனி ஒழுங்காக நடந்தது. வைகாசிக்குப் பணம் வரவில்லை. ஆனியிலும் இல்லை, ஆடியிலும் இல்லை. புரட்டாசியில் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்க் மாடு மேயும் கொறங்காட்டின் படலைத் திறந்தால், கிளுவை வேலி ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் காளைக்கன்று நின்று எங்களையே பார்க்கிறது. தாடைக்கு அடியில் மட்டும் பழைய சிவப்பு கொஞ்சம் பாக்கி இருந்தது. ராசு படலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கன்றை வளர்க்கும் ஆத்தாதான் பேசினார்: "ஏனுங்க தம்பி, வைகாசியில் வருகிறேன் என்று போனீர்கள். நீங்கள் வரும்வரைக்கும் அது வளராமல் நிற்குமா?"

இடையில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்பாய். பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். பணம் சேர்க்க அந்தச் செங்கன்றைத்தான் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மொத்தச் செலவு 25 லட்சம் என்று போட்டிருந்தோம். முதலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியைப் பார்த்தோம். "கதாநாயகன் யார்?" என்றார். ராசு, "கன்றுக்குட்டிங்க" என்றான். காபி வந்தது, குடித்துவிட்டு வந்தோம். அந்தக் காலத்தில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய டி.ஆர்.சுந்தரம் நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, லீட்ஸுக்குப் போய் ஜவுளி படித்துவிட்டு வந்து படம் படமாக எடுத்துத் தள்ளியவர். துணிக்காரர்கள் படத்தில் பணம் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று போகும் வழியெல்லாம் ராசு சொல்லிக்கொண்டு வந்தான். திரும்பும் வழியில் வாயே திறக்கவில்லை.

பிறகுதான் மக்களிடம் வாங்குவது என்று முடிவானது. ராசு எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரே பிரசங்கம். 1976-ல் குஜராத்தில் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள், சியாம் பெனகல் 'மந்தன்' எடுத்தார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்பட இயக்கத்து நண்பர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டினார்கள், 1986-ல் 'அம்ம அறியான்' வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். குஜராத்தில் காசு சேர்க்கக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது, மாப்பிள்ளை. இங்கே ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய்க்கும் நானும் அவனும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், அந்த வீட்டுப் பெரியவரின் மூட்டுவலியைக் கேட்க வேண்டும், கடைசியில் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: "இது ஈமு கோழி மாதிரி ஆகிவிடாதே?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புக் கம்பெனிகளில் போட்டு 2012-ல் பறிகொடுத்த பணத்தை நினைத்து இன்னும் நெஞ்சைத் தடவிக்கொள்பவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அதனால்தான் ஆடிட்டரைக் கேட்டேன். "லாபத்தில் பங்கு, வட்டி, திருப்பித் தருவோம், இப்படி ஒரு சொல் ரசீதில் இருக்கக் கூடாது. 2019-ல் வந்த டெபாசிட் சட்டம் உங்கள் மேல் பாயும்" என்றார். படத்துக்கு முன்பணமாக ஒரு டிக்கெட், டைட்டிலில் ஒரு பெயர், அவ்வளவுதான் என்று அச்சடித்தேன். நூறு ரசீது கொண்ட புத்தகம், அடிக்கட்டையோடு, நம்பரிங் போட்டு.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் போனோம். வேப்பமரத்தில் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் அந்த ஒன்றரை நிமிடத் துண்டை ஓட்டினோம். ஆத்தாவின் சேலை முந்தானையைக் கன்று சப்புகிறது, ஆத்தா அதன் நெற்றியைத் தட்டிவிடுகிறார், அவ்வளவுதான் காட்சி. நல்ல கூட்டம். முப்பது நாற்பது ரசீது கிழிந்திருக்கும். அப்போது துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த ஒரு தரகர் கையை உருவாமலேயே திரும்பித் திரையைப் பார்த்தார். "கன்று நல்ல கன்றுதான். சுழிதான் சரியில்லை. கட்டின வீட்டுக்கு ஆகாது" என்றார். அன்றைக்கு அதோடு வசூல் நின்றது. இன்றுவரைக்கும் எனக்கு வரும் போன்களில் பாதி சுழியைப் பற்றித்தான்.

பணம் கொடுத்தவர்களுக்கு வேலை நடப்பது தெரிய வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டுப் படம் அனுப்ப ஆரம்பித்தான் ராசு. நல்ல யோசனை என்று நானும்தான் தலையாட்டினேன். பங்குனியில் கையில் இருந்ததே பன்னிரண்டு நாள். அதில் இரண்டரை நாள் இந்தத் துண்டுகளை எடுக்கவே போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொடுத்தவருக்கு வந்து பார்க்க உரிமை இல்லையா? ஒரு நாள் கேமராவுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். வரும்போது எங்களுக்கும் சேர்த்துத் தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதால் போகச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒலிப்பதிவு செய்த பையன் அழாத குறை. ஐயாயிரம் கொடுத்த ஒருவரின் மகன் மேய்ப்பனாக ஒரு காட்சியில் வருகிறான். காலில் பள்ளிக்கூட சாக்ஸ் தடம் அப்படியே தெரிகிறது.

புரட்டாசியில் நிறம் மாறியதைப் பார்த்த பிறகு என்னென்ன யோசனைகள் வந்தன தெரியுமா? கம்ப்யூட்டரில் சிவப்பாக்கலாம் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையில் பத்துக் காங்கயம் கன்று வாங்கலாம். சின்னு மருதாணி பூசலாம் என்றான், அவனை உனக்குத் தெரியும். படத்தில் மாடு வந்தாலே ஹரியானாவில் இருக்கிற விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்தச் சான்று இல்லாமல் தணிக்கைக்கே போக முடியாது. மருதாணி பூசிய கன்றுக்கு எந்தக் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போடுவார்? வேறொரு செங்கன்றைக் கொண்டுவந்தும் பார்த்தோம். ஆத்தா முந்தானையை நீட்டினார். அது ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு அம்மாவைத் தேடிக் கத்திக்கொண்டே வேலியைச் சுற்றி ஓடியது. ஆத்தாவும் நடிக்கவில்லை. "இது நம்ம கன்று இல்லையேங்க" என்று கேமராவைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இதுவரைக்கும் சொன்னதற்கு நீ சிரித்துக்கொள். இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

போன மாதம் கணக்கு எழுத அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 317-ஆம் எண்ணில் பெயர் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியில் மை பிடிக்கவில்லை. தாளில் கட்டை விரல் அளவுக்கு எண்ணெய்க்கறை, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. உடனே ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். தேங்காய்க் களத்தில் பருப்பு காயவைக்கும் அம்மா. வேலை முடிந்து நேராக அச்சகத்துக்கு வந்து இடுப்பு முடிச்சிலிருந்து ஐந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடைய அய்யன் கொறங்காட்டில் மாடு மேய்த்தவராம். "எங்கள் அய்யன் மாதிரி ஆளெல்லாம் படத்தில் வருவார்களா? எப்போதுங்க வரும்?" என்றார். "சீக்கிரம் வந்துவிடும்" என்றேன். இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகைக்கு அட்வான்ஸ் வாங்குகிறேன், சண்முகம். பத்திரிகை என்றால் முகூர்த்தத் தேதி உண்டு. மின்சாரம் போகலாம், மிஷின் மக்கர் செய்யலாம், தேதி நகராது. ஒரு முகூர்த்தம்கூட நான் தவறவிட்டதில்லை. இப்போது 412 பேரிடம் அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், தேதியே இல்லை. விளம்பரம் செய்துகொண்டே படம் எடுத்தால் பணம் வரும் என்பது உண்மைதான், வந்தது. ஆனால் வருகிற ஒவ்வொரு ரூபாயும் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே வருகிறது. பெரிய கம்பெனிப் படம் நின்றுபோனால் பைனான்சியர் வக்கீலைப் பார்ப்பார். எங்கள் படம் நின்றால் நான் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் நடந்து போக முடியாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ரசீதில் வந்தது 6 லட்சத்து 80 ஆயிரம். ராசு ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது 5 லட்சம். என்னுடையது 4 லட்சத்து 20 ஆயிரம். அதில் கலைச்செல்வியின் சங்கிலி உண்டு. அவளாகவே கழற்றிக் கொடுத்தாள், அதுதான் கூடுதலாக உறுத்துகிறது. கையில் மிச்சம் 1 லட்சத்து 40 ஆயிரம்.

பதினைந்து நாளைக்கு முன்னால் ஒருவர் வந்தார். மீதி ஒன்பது லட்சத்தையும் தானே தருகிறேன் என்றார். ஒரே நிபந்தனை: கன்று வளர்ந்து ரேக்ளாப் பந்தயத்தில் முதலாவதாக வர வேண்டும், பரிசை அவரே கொடுப்பதாகக் காட்ட வேண்டும். ராசு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கும்பிட்டு அனுப்பிவிட்டான். அவன் செய்தது சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்தே அவனோடு சண்டை போட்டேன், வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது. பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மழையில் நனைந்துகொண்டே அச்சகத்துக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மயிலையாகவே எடுத்துவிடலாம்" என்றான்.

இப்போது படத்தின் கதை இப்படி: மகன் ஊரைவிட்டுப் போகிறபோது கன்று சிவப்பு, நிலம் காய்ந்து கிடக்கிறது. அவன் திரும்பி வரும்போது அது மயிலை, மழை பெய்து கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம். மகனுக்குக் கன்றை அடையாளம் தெரியவில்லை. இதற்குத் தனியாக ஒரு வசனமும் வேண்டாம் என்கிறான். கோபம் இருந்தாலும் சொல்கிறேன், அவன் முன்பு எழுதி வைத்திருந்ததைவிட இது நல்ல கதை. கோவாவில் நவம்பரில் நடக்கும் பிலிம் பஜாரில் பாதி முடிந்த படங்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். இந்த வருடம் அதைத் தவறவிட்டாயிற்று, அடுத்த வருடம் என்கிறான். அவனுக்கு அடுத்த வருடம் என்பது நாளைக் காலை.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இனி வெள்ளிக்கிழமைத் துண்டு கிடையாது. கார்த்திகை இரண்டாம் ஞாயிறு மாலை, மாரியம்மன் கோவில் திடலில், இதுவரை எடுத்த நாற்பது நிமிடத்தையும் 412 பேருக்கும் போட்டுக் காட்டுகிறோம். கன்று நிறம் மாறியதை அவர்கள் முன்னால் நின்று சொல்கிறோம். பணம் வேண்டாம் என்பவர்கள் இருக்கட்டும், திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு ரசீதை வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம். எத்தனை பேர் நீட்டுவார்கள் என்று தெரியாது. 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் போனால் பழைய மிஷினை விற்க வேண்டியதுதான். அழைப்பிதழை மஞ்சள் தடவிய பத்திரிகையாகவே அடித்துவிட்டேன். தேதி போட்டுத்தான். 317-ஐ நானே களத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

உன்னிடம் கேட்க வந்தது இதுதான். இந்த நாற்பது நிமிடத்துக்கு ஆங்கில சப்டைட்டில் நீ எழுதித் தர வேண்டும். இருபது வருடமாகப் புனேயில் ஆங்கிலப் பாடம் எடுக்கிறாயே, எதற்காவது ஆகட்டும். கொறங்காடு என்பதற்கு மேய்ச்சல் நிலம் என்று போட்டால் ராசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். உழாத நிலம், கிளுவை வேலி, வெள்வேல மரம், படல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வர வேண்டுமாம். ஆத்தா கன்றைத் திட்டும் இரண்டு சொற்களும் இருக்கின்றன. அவற்றை நேரில் சொல்கிறேன், எழுத முடியாது.

அந்த ஞாயிறுக்கு வந்துவிடு. ஈரோட்டில் இறங்கி, சென்னிமலை வழியாக வரும் காங்கயம் பஸ்ஸைப் பிடி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, புதுக்கண்ணுக்கு நல்ல வேலை. ரசீது எண் 1 உன்னுடையது. பணம் திரும்ப வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல நீயும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

உன்
வேலுசாமி