அப்புச்சிக்கு, பொம்மைப் பட்டறையிலிருந்து

லீட்ஸ், இங்கிலாந்து,
ஜனவரி மாசம்.

அன்புள்ள அப்புச்சிக்கு,

நான் நல்லா இருக்கறனுங்க. குளிருதான் விடமாட்டேங்குது, நாலரைக்கெல்லாம் இருட்டிருது. ராயி மாவு தமிழ்க் கடையில கெடைக்குது, வாரத்துல ஒருக்காக் களி கிண்டிக்கறேன். அம்மிச்சிகிட்டச் சொல்லிருங்க.

போன்ல அம்மிச்சி, "பொம்மை செய்யறதுக்கா கண்ணு அத்தன தூரம் போனே?"ன்னு கேட்டாங்க. அப்ப வெவரமாச் சொல்ல முடியலை. உங்களுக்குச் சொன்னா வெளங்கும்னுதான் எழுதறேனுங்க. நான் இங்க செய்யறது, நம்ம சூளையில நீங்க சாமிக்கு மண்குதிரை பண்றீங்களே, அந்த மாதிரி வேலைதான்.

என்ர கூட நாடகம் போடற பசங்களே எழுதின மாயக்கதை நாடகம் ஒண்ணு வர்ற மாசம் மேடையேறுது. பொழுது சாஞ்சா மரமெல்லாம் எந்திரிச்சு நடக்கற காடு, அதுக்குக் காவல் ஒரு ராட்சசக் காட்டுப்பன்னி. படிச்சதும் எனக்கு அண்ணமாருங்கற பொன்னர் சங்கர் கதையில வர்ற கொம்பன்கற காட்டுப்பன்னிதான் நெனப்பு வந்துது. ராத்திரி பட்டறையில உக்காந்து எல்லாத்துக்கும் அந்தக் கதையைச் சொன்னேன். கொம்பன் வயக்காட்டை அழிக்கற எடத்துல ஒருத்தரும் கைவேலையத் தொடலை, கேட்டுட்டே இருந்தாங்க. அதுக்கப்பறம் பன்னிய என்ர பொறுப்புலயே விட்டுட்டாங்க.

மொதல்ல மேடையவே அட்டையில சின்னதாச் செஞ்சு பாக்கணும். இந்த ஊர்ல 1:25 அளவுதான் வழக்கம். மேடையில 25 அடி, மாடல்ல ஒரு அடி. எந்த மரம் எங்க நிக்கும், பன்னி எந்தச் சந்துல நுழையும், எல்லாத்தையும் அதுலயே முடிவு பண்ணிருவாங்க. பாறை, பட்ட மரமெல்லாம் தெர்மாகோல். சூடேறுன கம்பில வெண்ணெயாட்டம் அறுபடும். அந்தப் பொகை நெஞ்சுக்கு ஆகாது, பொகைய உறிஞ்சற மெஷினுக்குக் கீழதான் அறுக்கணும். மேல பசையில முக்குன மெல்லுசுத் துணிய ஒட்டிக் காயவெச்சு, மணல் கலந்த பெயிண்ட் அடிச்சா அசல் கல்லுதான். ஒருத்தரே தூக்கிட்டுப் போயிரலாம்.

நீங்க குதிரைக்கு மொதல்ல காலைப் பண்ணிக் காயவெச்சு, அது தாங்கும்னு தெரிஞ்சாத்தான் ஒடம்பை ஏத்துவீங்க. இங்க மொதக் கேள்வியே கனம்தானுங்க. பன்னிய மூணு பேரு தூக்கிட்டு ஓடணும், தெனமும் ரெண்டு மணி நேரம். அதனால எலும்புக்கு அலுமினியக் குழாய், விலாவுக்குப் பொளந்த பிரம்பு, தோலுக்கு ரப்பர் பஞ்சுத் தகடு. பிடரி மயிருக்குத்தான் ரொம்ப நாள் அலைஞ்சோம். பிளாஸ்டிக் வெளக்குல பளபளன்னு மின்னுது, துணி தொங்கிப்போகுது. கடைசில ஒரு கடையில கத்தாழ நாருக் கவுறு கண்ணுல பட்டுது. நம்ம கெணத்து மேட்டுல திரிப்பீங்களே, அதே நாரு. முறுக்கப் பிரிச்சு, கருப்புச் சாயத்துல முக்கி, சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு கொத்தா முடி போட்டேன். வெரல்ல தடவிப் பாத்தா நெசப் பன்னி மயிராட்டமே சுணைக்குது. தீப்புடிக்காம இருக்க மருந்து அடிச்சு, ஒரு துண்டைக் கொளுத்திப் பாத்த பொறவுதான் மேடைக்கு விடுவாங்க. அதுலயும் தேறிருச்சுங்க.

ஆட்டறதுதான் பெரிய வித்தை. ஜப்பான்ல புன்ராக்குன்னு ஒரு பொம்மலாட்டம் இருக்குது. ஒரே பொம்மையை மூணு பேரு புடிப்பாங்க. தலையும் வலது கையும் ஒருத்தரு, இடது கை இன்னொருத்தரு, காலுக்கு ஒருத்தரு. காலு புடிக்கறதை மட்டுமே வருசக்கணக்காக் கத்துக்குவாங்களாம். எங்க பன்னிக்கும் மூணு பேரு. பின்னங்காலு என்ர கையில. ஒண்ணும் அசையாம நின்னா அது வெறும் நாரும் குழாயும்தான். தலையப் புடிச்சவரு மூச்சை இழுத்து விடறாரு, அதுக்குத் தக்கன நாங்க விலாவை விரிச்சுச் சுருக்கறோம். அந்த ஒரு மூச்சுல உசுரு வந்துருது. அந்தியூரு குருநாதசாமி கோயில் ஆடித் தேருக்குக் கூட்டிட்டுப் போயி, குதிரைச் சந்தையில "மொகத்தைப் பாக்காதே, காதப் பாரு, அதுதான் மொதல்ல பேசும்"னு சொன்னீங்களே. பன்னிக் காதுக்கு நான் தனியா ஒரு கம்பி வெச்சிருக்கறேன்.

மனசுக்குக் கஷ்டமானதையும் சொல்லிர்றேன். கடைசி ஆட்டம் முடிஞ்ச ராத்திரியே எல்லாத்தையும் பிரிச்சிருவாங்க. மரமும் பாறையும் குப்பை வண்டிக்குப் போயிரும். தலைய மட்டும் வெச்சுக்கறேன்னு கேட்டிருக்கறேன், இன்னும் பதில் வரலை. கருப்பணசாமி கோயில்ல நீங்க வெச்ச குதிரை மழையில கரைஞ்சு கரைஞ்சு நிக்குதே, அது பக்கத்துல அடுத்த வருசம் புதுசு வெப்பீங்க. பழசைப் பாக்கறப்ப உங்களுக்கு எப்படிங்க இருக்கும்? இத்தனை வருசத்துல இதை நான் கேட்டதே இல்லை.

ஒரு வேலை ஆகணுமுங்க. பன்னி உள்ள நுழையறப்ப உடுக்கைச் சத்தம் வேணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க. மேக்கால வீட்டு உடுக்கைப்பாட்டுத் தாத்தா கொம்பன் வர்ற எடத்தை அடிக்கறதை, அவரு சரின்னா, தம்பிய விட்டு போன்ல பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. பாட்டு வேண்டாம், அடி மட்டும் போதும். நாடகத் தாள்ல அவரு பேரும் ஊரும் போடறம்னு சொல்லுங்க. இருவது தேதிக்குள்ள வந்தா ஒத்திகைக்கு ஆகும்.

இப்படிக்கு,
உங்க பேத்தி