சிகிச்சைக்குப் பின் யார் துணை?

ஆசிரியருக்கு வணக்கம். குடிநோய் சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டது. உடல் தேறச் சில வாரங்கள் போதும். குடிக்காமல் வாழப் பழகுவதற்கோ, அதே துன்பத்தைக் கடந்தவர்களின் துணை நெடுநாள் வேண்டும். குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும். மன்னார்குடி அருகே வசிக்கும் என் தம்பி, தஞ்சாவூரில் மாலையில் நடக்கும் கூட்டத்துக்குச் சென்றால் ஊருக்கான கடைசிப் பேருந்தைத் தவறவிட நேர்வதால், கையில் கூலி புழங்கும் அறுவடைக் காலத்தில்தான், அதாவது துணை மிகவும் தேவைப்படும் வேளையில்தான், போக இயலாமல் தவித்தார்.

அருகில் நடைபெறும் கூட்டங்களின் இடத்தையும் நேரத்தையும், போதை மீட்புக்கான 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நியாயவிலைக் கடைகளிலும் எழுதி வைப்பதோடு, வாரம் ஒரு மாலை சமுதாயக் கூடங்களை இக்குழுக்களுக்கு இலவசமாக வழங்கவும் டெல்டா மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

– வாசகர், திருவாரூர் மாவட்டம்