பின்னறைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் சாருக்கும், மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தா கட்டாத அன்பர்களுக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கையை எழுதிக் கையில் வைத்துக்கொண்டே, எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. இந்த முறை ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன், சாயா வர எப்படியும் அரை மணிக்கூர் ஆகும்.

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் இருக்கிற நம்ம ஊர்ப் படிப்பகத்தின் பின்னறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய டிவி, நாலு பெஞ்சு. ரோல் பிளேயிங் ஆட்டம் ஆடக் கூடுகிற நம் மன்றத்தின் சொத்து இவ்வளவுதான். போன பொதுக்கூட்டத்தில் 17 பேர், இப்போது 26. மூன்று பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், ஆனால் சந்தாவை நிறுத்தவில்லை, இங்கே இருக்கிறவர்களைவிட அவர்கள்தான் ஒழுங்கு. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். யுபிஎஸ் பேட்டரிச் செலவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஐப்பசி இடிக்குச் செயலாளர் பொறுப்பாக முடியாது.

ஆகஸ்டில் ஒரு சின்னக் கலக்கம். பணம் வைத்து விளையாடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றத்தில் 2025-ல் சட்டம் நிறைவேறியதும், பின்னறையையும் மூடப்போகிறார்கள் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் நேரில் வந்து விசாரித்தார்கள். நம் ஆட்டத்தில் யாரும் பணம் கட்டுவதும் இல்லை, ஜெயித்து எடுப்பதும் இல்லை என்று சொல்லி, ஒருத்தரை உட்காரவைத்து அரை மணிக்கூர் ஆடவும் வைத்தோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதுல சண்டையே வரல்லியே, எல்லாரும் நின்னு பேசிட்டேல்லா இருக்காவ?" என்பது.

அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக வந்த ஒன்பது பேருக்காகவும் இதைச் சொல்லியாக வேண்டும். ரோல் பிளேயிங் ஆட்டம் என்றால் ஒரு ஆளாக நாம் வேஷம் கட்டுகிறோம், அந்த ஆளுக்கு என்ன வரும், என்ன வராது என்பதை எண்களில் வைக்கிறோம், அப்புறம் அந்த ஆள் என்ன செய்வார் என்று நாமே முடிவெடுக்கிறோம். தலைவர் சார் முதல் கூட்டத்திலேயே இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், காகிதமும் பகடையும் வைத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம், அங்கேயிருந்துதான் ஆரம்பம். 1981-ல் வந்த அல்டிமாவும் விசார்ட்ரியும் அதை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரப்பின. 1986-ல் ஜப்பானில் டிராகன் குவெஸ்ட், அடுத்த வருஷம் ஃபைனல் ஃபேன்டசி. சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இது என் சர்வீஸைவிடப் பழசு" என்றார். கொள்ளாம்.

இந்த வருஷத்தின் பெரிய வேலை பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தில் இருக்கிற லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது, வட்டில் 150 ஜிபி இடம் கேட்கிறது. நம்ம ஊர் இணையத்தில் அதை இறக்க முயன்ற ஒன்பது ராத்திரியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கடைசியில் ஒரு தம்பி ஹார்டு டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு வடசேரிக்குப் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இருக்கிற மாமா வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, அதில் நிரப்பிக்கொண்டு வந்தான். அவனுடைய பஸ் கூலியை நிர்வாகக்குழு இன்னும் கொடுக்கவில்லை, வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

26 பேர், ஒரு கம்ப்யூட்டர். சனி, ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் பெஞ்சில், ஒருத்தர் கையில் மவுஸ், முறை வைத்து மாறும். முக்கியப் பாத்திரம் யார் என்பதற்கே மூன்று வாரம் அடித்துக்கொண்டோம். பையன்மார் கோடாரி வீரன் கேட்டார்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிற அக்காதான், பேச்சில் ஜெயிக்கிற ஆள் வேண்டும், வெட்டுகிறவனை எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று நின்று, ஒரு பாணரைத் தேர்ந்தெடுக்க வைத்தார். பாணர் என்று வாயில் வரவில்லை யாருக்கும், வில்லுப்பாட்டுக்காரர் என்றே ஆகிவிட்டது. அந்தப் பேர் ரொம்பப் பொருத்தம் என்று பிறகு புரிந்தது. கோவில் கொடையில் விடிய விடிய வில்லிசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம், புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார், கதையில் அடுத்து என்ன வரும் என்று கூட்டத்துக்கே தெரியும், தெரிந்தும் அழுவோம். இங்கே அந்த இடம் வந்ததும் கதை நின்று, இப்போ என்ன செய்யலாம் என்று நம்மைக் கேட்கிறது. கேட்டதும் பின்னறையில் 26 பேருக்கு 26 கருத்து.

இந்த ஆட்டத்தில் பேச்செல்லாம் ஆங்கிலம், தமிழ் கிடையாது. நாகர்கோவிலில் ஆங்கில இலக்கியம் படிக்கிற நம்ம தங்கச்சி ஒருத்தி திரையைப் பார்த்து உடனுக்குடன் தமிழில் சொல்லுவாள். முதல் நாளே அவள் மாட்டிக்கொண்டாள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ஒரு சொல், தமிழில் நீயா, நீங்களா, மக்காவா? லேசெல் என்கிற போர்வீராங்கனை எல்லாரையும் "நீ" என்றே பேசட்டும் என்று முடிவு செய்தாள். நெஞ்சுக்குள் நரகத்து எந்திரம் எரிகிற, யாரையும் தொட முடியாமல் தவிக்கிற கார்லாக் எல்லாரையும் "மக்கா" என்று கூப்பிட்டாள், பின்னறையே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ரத்தக்காட்டேரி அஸ்டாரியன் கிண்டலாக "நீங்க". கல்லறைப் பெட்டிக்குள் இருந்து எழுந்து வருகிற விதர்ஸ் பழைய ஆங்கிலம் பேசுகிறவர், அவருக்கு "நீவிர்". அவர் வாய் திறந்தாலே பையன்மார் தமிழ் இரண்டாம் தாள் என்று சிரிப்பார்கள். எனக்கு இந்த வருஷம் பிடித்த இடம் இதுதான்: லேசெல் எப்போது "நீ"யிலிருந்து "நீங்க"வுக்கு மாறுவாள் என்று ஒரு மாசம் எல்லாரும் காத்திருந்தது. ஆட்டத்தை எழுதினவர்களுக்கே தெரியாத ஒரு காத்திருப்பு.

இனி அந்தச் சனிக்கிழமை. பேசாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் மன்றத்தின் தீர்மானம் சம்பந்தப்பட்டது, விட முடியாது.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது நினைவிருக்கும்: ஆட்டத்தில் ஒன்று தப்பாகிப் போனால், முன்னால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயலக் கூடாது. ஒரு பெட்டியைத் திறக்கப் பையன்மார் பதினோரு தடவை லோடு போட்டுக் கூட்டத்தை அறுத்ததால் வந்த தீர்மானம். முன்மொழிந்தவர் அக்கா.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தோப்பு வருகிறது. அகதிகளாக வந்தவர்களின் பிள்ளை, அரபெல்லா, அங்கே ஒரு சிலையைத் திருடிப் பிடிபட்டுவிடுகிறாள். காகா என்கிற தலைவி அவளுக்கு முன்னால் பாம்பை விட்டு நிறுத்தியிருக்கிறாள். நாம் பேசி விடுவிக்கலாம், பேச்சு எடுபடுமா என்பதைத் திரையில் உருள்கிற 20 முகப் பகடை சொல்லும். வில்லுப்பாட்டுக்காரருக்குப் பேச்சுக்கென்றே கூடுதல் எண் இருக்கிறது, எளிதாக முடியும் என்று எல்லாரும் மரச்சீனி வறுவலில் கவனமாக இருந்தோம். முறை அக்காவுடையது. விழுந்தது 1. ஒன்று விழுந்தால் எவ்வளவு கூடுதல் எண் இருந்தாலும் தோல்விதான், இந்த ஆட்டத்தின் விதி அது. மறுமுறை உருட்ட உதவும் இன்ஸ்பிரேஷன் புள்ளி ஒன்றும் கையில் இல்லை. பாம்பு கொத்தியது, பிள்ளை விழுந்துவிட்டாள்.

தங்கச்சி தமிழில் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேர் உடனே, லோடு போடுவோம் அக்கா, இது கணக்கில் வேண்டாம் என்றார்கள். அக்கா, "தீர்மானம் தீர்மானம்தான்" என்று மவுஸை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, சாயா குடிக்காமல் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்தபோது கேட்ட முதல் கேள்வி, 200 காசு கொடுத்தால் செத்தவர்களை எழுப்புவாரே அந்த விதர்ஸ், இந்தப் பிள்ளையை எழுப்ப மாட்டாரா என்பது. மாட்டார். கூட வருகிற தோழர்களை மட்டும்தான் எழுப்புவார். அவர் முதலில் சந்திக்கும்போது ஒற்றை உயிரின் மதிப்பு என்ன என்று நம்மைக் கேட்கிறார், நாங்கள் அதற்குப் பதிலாக எதையோ அமுக்கிவிட்டுப் போயிருந்தோம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். தோப்பைக் காப்பாற்றினோம், காப்ளின் என்கிற குட்டிப் பூதப் படையை அடித்தோம், எல்லாரும் விருந்து வைத்தார்கள், ஆனால் விருந்தில் அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவைப் பற்றி ஒருத்தர் கேட்டார், அப்புறம் யாரும் பேசவில்லை. குலசேகரத்திலிருந்து வந்த பையன் ஒருவன், என் ஆட்டத்தில் அரபெல்லா இரண்டாம் பகுதியில் அப்பா அம்மாவைத் தேடிக்கொண்டு தனியாக வருவாள் என்று சொன்னான். நம் இரண்டாம் பகுதியில் அந்த இடம் காலி. சினிமாவில் ஒரு பாத்திரம் செத்தால் இயக்குநரை ஏசலாம். இங்கே ஏசுவதற்கு ஆள் இல்லை, உருட்டினது நாம். ஒரு ஆட்டம் ஏழு மாசம் நம்மைப் பிடித்து வைத்திருந்ததென்றால் இந்தக் காலி இடத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன், படம் நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும் யாரும் மழையில் நனைந்து வரமாட்டார்கள்.

எல்லாருக்கும் இதே ருசி இல்லை, அதையும் சொல்லணும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அண்ணனுக்குக் கதையில் ஒரு நாட்டமும் கிடையாது. ஜூன் மழையில் வெட்டு நின்றுபோன நாட்களில் பகலில் வந்து எல்டன் ரிங் ஆடினார். 2022-ல் வந்த ஜப்பான் ஆட்டம் அது, செத்தால், எதிரிகளை அடித்துச் சேர்த்த ரூன் என்கிற காசு எல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், எடுக்கப் போகிற வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. கோட்டைக்கு முன்னால் நிற்கிற மார்கிட் என்கிற பெரிய எதிரியிடம் பையன்மார் செத்துச் செத்து ஆத்திரத்தில் விசைப்பலகையைக் குத்தினார்கள். அண்ணன் நாலு தடவை செத்துவிட்டு, சரி, இவன் பிறகு என்று திரும்பி நடந்தார். ஒரு வாரம் சின்னச் சின்ன எதிரிகளையே அடித்து, ரூன் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறிவிட்டு வந்து மார்கிட்டை முடித்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுக்காதா என்று கேட்டால், விடியக்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரத்தில் மெல்லிசாகச் சீவுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். அவருக்கு எண் கூடுவதுதான் இன்பம், செய்த வேலைக்குக் கூலி உடனே கண்ணுக்குத் தெரிகிறது, ரப்பர் விலை மாதிரி நடுவில் இறங்குவதில்லை.

நவம்பர் 1, நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உள்ளூர் விடுமுறை, நல்ல மழை, கரண்ட் இல்லை. காகிதத்தில் ஆடினோம். 20 முகப் பகடை நம்மிடம் இல்லாததால் புளியங்கொட்டையில் 1 முதல் 20 வரை எழுதிச் செம்புக்குள் போட்டு எடுத்தோம். கதை 1741, குளச்சல் கடற்கரை, டச்சுக்காரர் கப்பல் வெளியே நிற்கிறது, நாம் மார்த்தாண்ட வர்மாவின் படையில் நாலு பேர். துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கி மாதிரி காட்டி மீனவர்கள் வரிசையாக நின்றதாக ஊரில் ஒரு கதை சொல்வார்களே, அதையே ஒரு பையன் செய்யப் பார்த்தான். நம்புவார்களா? செம்புக்குள் கையை விட்டான், 19. கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை என்ன செய்வது என்று வாக்கெடுப்பு வைத்தோம், தலைவர் சார் மட்டும், "அவரை விட்டுருங்கப்பா, பின்னால நமக்குப் படை பழக்கித் தரணும், உதயகிரிக் கோட்டையில கல்லறையும் இருக்கு" என்று வரலாற்றைக் காப்பாற்றினார்.

மற்றவற்றைச் சுருக்கமாக. அண்டர்டேல் ஒரு சுற்று, யாரையும் கொல்லாமல் முடித்தோம், முடியும் என்று முதலில் யாரும் நம்பவில்லை. டிஸ்கோ எலிசியம் தங்கச்சிக்கும் எனக்கும் மட்டும் பிடித்தது, சண்டையே இல்லாமல் 24 திறன்கள் மண்டைக்குள் பேசிக்கொண்டே இருக்கும் ஆட்டம் அது, பெஞ்சில் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இப்போது பாதியில் நிற்கிறது. அதில் வருஷத்துக்கு ஒரு எண், ஒவ்வொன்றாகக் குறைத்து எழுதப்படும், அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் காற்றில் கரைந்துபோவார்கள், இந்த முறை எண் 33. செயலாளருக்கு 34 வயது நடக்கிறது என்று முதல் நாளே ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் சந்தா மூன்று மாசம் பாக்கி.

புகார்கள்: ராத்திரி ஒன்பதுக்கு மேல் சத்தம், ஒப்புக்கொள்கிறோம். பரீட்சை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டது, ஒரு தடவை, இனி இல்லை. ஒரு உறுப்பினர் வீட்டில் சின்னப் பையன் போனில் ஒரு ஆட்டத்தில் பெட்டி திறக்க அப்பாவின் பணத்தைச் செலவழித்துவிட்டான். அது பின்னறை ஆட்டம் இல்லை என்றாலும், இங்கே வருகிற பிள்ளைகளிடம் நாமே அதைப் பற்றிப் பேசியிருக்கணும்.

கடைசியாகத் தீர்மானம் ஒன்று. லோடு போடக் கூடாது என்ற விதியை எடுத்துவிடலாம் என்று ஐந்து பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். அதில் அக்காவின் கையெழுத்து இல்லை. அவர் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பது, விதி இருக்கட்டும், ஆனால் வருகிற சனிக்கிழமையிலிருந்து பால்டர்ஸ் கேட்டைப் புது ஆட்டமாக, முதலில் இருந்து தொடங்க வேண்டும், அந்தத் தோப்பில் முறை மறுபடி தனக்கே வேண்டும் என்பது. விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன், புது ஆட்டத்துக்குத் தடை இல்லை. இரண்டையும் கூட்டத்தின் முன் வைக்கிறேன். கை தூக்குகிறவர்கள் சாயா வருவதற்குள் தூக்கிவிடுங்கள், சாவி வழக்கம்போலக் கடை அண்ணனிடம் இருக்கிறது.

செயலாளர்