வாசலில் நிற்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டோர் சூப்பர்வைசர், அதாவது கிளப், பார் வாசல்களில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர், பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சுத்தான். அப்பாவுக்குப் பயம். மாமிக்கு வருத்தம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் பிள்ளை நள்ளிரவில் கிளப் வாசலில் நிற்பதா என்று கேட்கிறார். எனக்குப் பெருமை. லண்டன் குரொய்டனில் வார இறுதி இரவுகளில் இத்தனை வருடமாக நானும் அப்படியொரு வாசலில்தானே நிற்கிறேன். உன் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களும், கொக்குவிலில் அம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் இந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. டெலிபோனில் பேசினால் நீ அவசரப்படுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரலிலிருந்து, முதலுதவிச் சான்றிதழ் கையில் இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்க முடியாது. பயிற்சி தொடங்கும் நாளில் அந்தச் சான்றிதழுக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆயுள் இருக்க வேண்டும். பயிற்சி குறைந்தது 6 நாட்கள். இரண்டு மூன்று நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. பிறகு, தனியார் பாதுகாப்பு வேலைக்கு லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான எஸ்.ஐ.ஏ.க்கு விண்ணப்பம்: அடையாளம், ஐந்து வருட முகவரிகள், குற்றப் பதிவுச் சோதனை. கட்டணம் இப்போது 180 பவுணுக்கு மேல். லைசென்ஸ் மூன்று வருடம் செல்லும். அது கைக்கு வருமுன் 'ஒரு இரவு மட்டும் வந்து நில்' என்று எவர் கூப்பிட்டாலும் போகாதே. லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலையைச் செய்வது 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை வரை போகக்கூடிய குற்றம்.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணம். வாசலில் நிற்பவரின் பொறுப்பு உள்ளே இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நீ 'இன்று உள்ளே விட முடியாது' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாயே, அந்த ஆளும் உன் பொறுப்புத்தான். பயிற்சியில் எதைக் கேட்டாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு கேள்.

ஒரு குளிர்காலச் சனி இரவு, உன் வயதுதான் இருக்கும், ஒரு பெண் நிற்கமுடியாத அளவு குடித்துவிட்டு வந்தாள். தோழிகள் உள்ளே போய்விட்டார்கள். கோட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அவளை உள்ளே விட முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தெருவில் விட்டுவிடவும் மாட்டேன். சுவரோரம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தோழிகளைக் கூப்பிட உள்ளே ரேடியோவில் சொன்னேன். அதற்குள் ஒருவன் வந்தான். 'என் பிரெண்ட்தான், நான் கூட்டிப்போகிறேன்' என்றான். மரியாதையான பேச்சு, நல்ல உடுப்பு. 'அவளுடைய பெயர் என்ன?' என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான், கமெராவைப் பார்த்தான், போய்விட்டான். அன்று அவளுடைய தோழி வந்து டாக்ஸியில் ஏற்றும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாசலில் வரிசை நீண்டுபோனது; முகாமையாளர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

இதை 'எளிதில் ஆபத்துக்குள்ளாகக்கூடியவர்கள்' என்ற பாடத்தில் சொல்லித்தருவார்கள். தேர்வில் ஒன்றிரண்டு கேள்விகளோடு கடந்துவிடும். நீ கடந்துவிடாதே. 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று ஒரு பெண் பாரில் கேட்டால், தன்னோடு இருப்பவரால் பயமாக இருக்கிறது, உதவி வேண்டும் என்று பொருள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. நீ வேலைக்குப் போகும் இடத்தில் அப்படி ஒருத்தி கேட்டால் அவளை எங்கே அழைத்துப்போவது, யாருக்குச் சொல்வது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்.

ஆட்களைக் கையாளும் பயிற்சியைப் பற்றி நீ உற்சாகமாகப் பேசினாய். கராத்தே படித்த பிள்ளை, விளங்குகிறது. அங்கே அடிக்கச் சொல்லித்தரமாட்டார்கள். பிடியிலிருந்து விடுபடுவதும், வலி கொடுக்காமல் ஒருவரை நடத்தி வெளியே கொண்டுபோவதும்தான் பாடம். நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பது அதே பாடத்தின் இன்னொரு பகுதியை. ஒருவரைக் குப்புறக் கிடத்தி மேலே அழுத்தினால் அவருடைய நெஞ்சு விரிய இடமிருக்காது. குடித்தவர், உடல் பருத்தவர், போதைப்பொருள் எடுத்தவர், ஓடிக் களைத்தவர், இவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். சில நிமிடங்களில் உயிரே போய்விடக்கூடும். மூச்சுவிடமுடியாமல் திமிறுவது, எதிர்த்துச் சண்டை போடுவதுபோலவே வெளியில் தெரியும். அதைக் கண்டு பிடித்திருப்பவர்கள் இன்னும் அழுத்துவார்கள். 'மூச்சுவிட முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால், நடிக்கிறார் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும், பிடியைத் தளர்த்தி எழுப்பி உட்கார வை. கூட நிற்பவர்கள் உன்னைவிட அனுபவசாலிகளாக இருந்தாலும் உரத்துச் சொல்: 'முகத்தைப் பாருங்கள், மூச்சைப் பாருங்கள்.'

சட்டம் உனக்குப் பெரிய அதிகாரம் எதுவும் தரவில்லை. தெருவில் போகும் எவருக்கும் உள்ள உரிமைதான் உனக்கும். 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் சொல்வது, சூழ்நிலைக்குத் தக்க நியாயமான பலம் மட்டும் என்று. சோதனையிடுவதற்கும் அந்த ஆளின் சம்மதம் வேண்டும். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம், அவ்வளவே. பெண்களைப் பெண்களே சோதனையிட வேண்டும் என்பதால் உனக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. ஆனால் எல்லாப் பெண்களின் பைகளும், கழிவறைகளைச் சுற்றிப் பார்ப்பதும் உன் ஒருத்தி தலையில் விழும். இன்னொரு பெண்ணையும் போடச் சொல்லித் தயங்காமல் கேள்.

மான்செஸ்டரை நீ அறிவாய். 2017 மே 22ஆம் திகதி, இசை நிகழ்ச்சி முடியும் நேரம், பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் காத்து நின்ற மண்டபத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். வெடிக்குமுன் அங்கே நின்ற 18 வயதுப் பாதுகாப்பு ஊழியர் ஒருவருக்கு, குண்டோடு வந்திருந்த மனிதன்மேல் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. தவறாகச் சந்தேகப்பட்டால் இனவாதி என்பார்களோ என்று பயந்ததாக அவர் பின்னர் விசாரணையில் சொன்னார். ரேடியோவில் சொல்ல முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய பாரத்தை அந்த வயதில் ஒருவர் தலையில் வைத்தவர்களைத்தான் கேட்பேன். எங்கள் நிறத்து ஆட்களை நிறத்துக்காகவே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: நிறத்தை விடு, நடத்தையைப் பார். எவ்வளவு நேரமாக ஓரிடத்தில் நிற்கிறார், பையை ஏன் இறக்கி வைக்கவில்லை, கமெரா படாத மூலையை ஏன் தேடுகிறார். சந்தேகம் வந்தால் போய், 'உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேள். ரேடியோ வேலை செய்யாவிட்டால் நடந்துபோய் மேலதிகாரியிடம் சொல். அன்று மகன் மார்ட்டினைப் பறிகொடுத்த ஃபிகன் மரே என்ற தாய் வருடக்கணக்காகப் போராடினார். அதனால் 2025 ஏப்ரலில் மார்ட்டினின் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் நிறைவேறியது. 200 பேர் அல்லது அதற்கு மேல் கூடக்கூடிய இடங்கள், தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல், உன் இடத்தின் திட்டம் என்ன என்று இப்போதே கேள்.

கூட்டத்துக்கும் பயப்படக் கற்றுக்கொள். 2022 டிசம்பரில் லண்டன் பிரிக்ஸ்டனில் ஓர் இசையரங்கின் வாசல் நெரிசலில் இருவர் இறந்தார்கள். ஒருவர் பாட்டுக் கேட்க வந்தவர். மற்றவர் வேலைக்கு நின்ற 23 வயதுப் பாதுகாப்பு ஊழியர். குரொய்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் அது. அந்த வாரம் முழுதும் எங்களில் ஒருவருக்கும் சரியாகப் பேச்சு வரவில்லை. வரிசை குழம்பத் தொடங்கும்போதே கதவை மூடி உதவி கேள். தள்ளுமுள்ளு வந்த பிறகு உன் ஒருத்தியின் தோளால் எதையும் தடுக்க முடியாது.

அப்பா மனம் மாறிவிடுவார், நான் பேசுகிறேன். மாமிக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ முதலுதவிப் பயிற்சியின் திகதியை எழுது. சப்பாத்துக்குக் காசு மிச்சம் பிடிக்காதே, நல்ல தடித்த அடியுள்ளதாக வாங்கு. நீ இருக்கும் லீட்ஸின் குளிர் லண்டன் குளிர்போல இல்லை. வேலை விடியற்காலை முடியும், அந்நேரம் பஸ் இருக்காது. டாக்ஸிச் செலவை யார் தருவார்கள் என்று கையெழுத்துப் போடுமுன் பேசிவிடு. முதல் இரவு முடிந்து அறைக்குப் போனதும் எனக்கு ஒரு செய்தி போடு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நானும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா