பெரியப்பாவிடம் படித்துக் காட்டு

புவெனஸ் ஐரெஸ், அர்ஜென்டினா,
ஜூலை 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போனவளுக்கு ஆட்டம் எதற்கு என்று பெரியப்பா கேட்டாராமே. இதை அவரிடம் படித்துக் காட்டு.

டாங்கோ என்ற இந்த ஊர் ஜோடி ஆட்டத்தில் அடி எடுத்து வைக்க வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்தான். ஆடச் சொல்லித் தருவார் என்று போனால், "முதலில் உட்கார்ந்து கேள்" என்று வானொலியைத் திருகினார். உருளைக்கிழங்கு உரித்தபடியே இது தி சார்லி, இது புக்லியேசே என்று 1940களின் வாத்தியக் குழுக்களைப் பிரித்துக் காட்டினார். இப்போது பாட்டு எடுத்ததுமே ஓரளவு பிடிபடுகிறது. நடுவில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர் வரும். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், எல்லாருக்கும் சுற்றி வரும். எச்சில் என்று அம்மா முகம் சுளிப்பாள். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் என்னை வீட்டுப் பெண்ணாக நடத்துகிறார்.

ஆடும் கூடத்துக்கு மிலோங்கா என்று பெயர். பழைய முறை மாறாத இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆடக் கூப்பிட யாரும் எதிரில் வந்து கை நீட்டுவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பார்கள், நாமும் பார்த்தால் லேசான தலையசைப்பு. விருப்பமில்லையா, பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும். மறுத்தது வெளியே தெரியாது, யாருக்கும் அவமானமில்லை. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தந்தா. அது முடிந்ததும் ஆடியவரே நம் நாற்காலிவரை கொண்டுவந்து விடுவார். அம்மாவிடம் இதை அழுத்திச் சொல். இவ்வளவு மரியாதையை வகுப்பில் கற்க முடியாது, இவர்களோடு இருந்துதான் கற்க வேண்டும்.

குளிர் எலும்பில் இறங்குகிறது. கோட்டு வாங்க வேண்டியதில்லை, பாட்டி தன்னுடையதைத் தந்துவிட்டார். நேற்று 29. மாதாமாதம் அன்றைக்கு ஞோக்கி சாப்பிடுவது இங்கே வழக்கம். உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டி வேகவைப்பது. சம்பளத்துக்கு முன் கை வறண்டிருக்கும் நாளுக்கு ஏற்ற சாப்பாடு. தட்டுக்கடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிட்டால் அடுத்த மாதம் காசு தங்குமாம். நானும் வைத்தேன். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாக வரும், வேறொன்றுமில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? பதினெட்டாம் பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு யார் யார் போகிறீர்கள்? எனக்கு அங்கே வந்துவிட வேண்டும் போலிருக்கிறது அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொம்ப.

சரி. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுச் சித்தப்பா வந்தால், நான் பேசுகிறேன் என்று சொல்லிவிடு. பணத்துக்காக அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. சின்னவனுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது? உடனே எழுது.

உன் தங்கை