கருவி பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நுகர்பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், இணையச் சந்தைகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். கம்பியில்லா டிரில், கிரைண்டர், இம்பேக்ட் டிரைவர் போன்ற மின்கருவிகளுக்கு இணையத்தில் விற்கிற போலி பேட்டரிகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். பேட்டரிக்கு உள்ளே இருக்கிற செல்லை, அதாவது சிறு மின்கலத்தை, யார் தயாரித்தது, பேட்டரியின் உண்மையான கொள்ளளவு, அதாவது அது தேக்கும் மின்சாரம், எவ்வளவு, ஏதாவது ஆனால் சிங்கப்பூரில் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் எழுதாத பேட்டரியை இங்கே விற்க விடாதீர்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் சில்லறை வேலைகள் எடுத்துச் செய்கிறேன். திரைச்சீலைக் கம்பி, சமையலறை அலமாரி, கதவு, பூட்டு, இப்படி. என்னோடு இரண்டு தம்பிகள் வேலை செய்கிறார்கள், இருவருக்கும் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். போன மாதம் பொங்கோலில் ஒரு வீட்டில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தபோது சார்ஜரில் இருந்த பேட்டரி 'ஸ்ஸ்' என்று சீற ஆரம்பித்தது, அப்புறம் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. அந்த வீட்டுப் பாட்டி சக்கர நாற்காலியில் இருந்தார். தம்பி ஒருவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துண்டால் பேட்டரியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளி நடைபாதைக்கு ஓடினார். பேட்டரி அங்கே சிமெண்டுத் தரையில் கிடந்து எரிந்து முடிந்தது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் வலது உள்ளங்கை வெந்துபோனது.

அந்தப் பேட்டரியை விற்ற பக்கத்தில் 'ஒரிஜினல்' என்றுதான் போட்டிருந்தார்கள். விலையும் சந்தேகப்படுகிற மாதிரி இல்லை, கடை விலையைவிட இருபது வெள்ளிதான் குறைவு. மலிவான சரக்கைத் தேடிப் போனால் இப்படித்தான் என்று யாராவது சொல்ல வந்தால், தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

இணையச் சந்தையிடம் புகார் கொடுத்தேன். என்னை உலுக்கியது தீயைவிட அதற்கு வந்த பதில்தான். மன்னிப்புக் கேட்டிருந்தார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள், ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் பொருளைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். எரிந்துபோன லித்தியம் பேட்டரியை! பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது என்பது சர்வதேச விதி. தபால் நிலையத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால் பார்சலை வாங்க மாட்டார்கள், பொய் சொன்னால் குற்றம். இதை விளக்கி எழுதினேன். 'பொருள் திரும்பி வரவில்லை, எனவே கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. மனிதர் யாராவது என் கடிதத்தைப் படித்தாரா என்றே தெரியவில்லை. விற்றவரின் முகவரி வெளிநாட்டில், அதுவும் பாதிதான் இருக்கிறது. இங்கே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் யார் பெயரில் வழக்குப் போடுவது? சில நாளில் அந்தக் கடை வேறு பெயரில், அதே படங்களோடு, அதே 'ஒரிஜினல்' என்ற சொல்லோடு திரும்பி வந்துவிட்டது.

சரி, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அதே கடையில் அதே சமயம் வாங்கிய இன்னொரு பேட்டரியையும் ஜாலான் புசார் கடையில் ரசீதோடு வாங்கிய மக்கிட்டா நிறுவனத்தின் 5.0 ஆம்பியர்-மணி (கொள்ளளவின் அலகு) பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். வெளிக்கூடு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, எழுத்து, நிறம் எல்லாம் கச்சிதம். கையில் தூக்கினால் மட்டும் வித்தியாசம் தெரியும். போலி நூறு கிராம் அளவுக்கு எடை குறைவு. இரண்டிலும் பத்துப் பத்து செல்கள், 18650 என்கிற வகை, அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒரிஜினலில் ஒவ்வொரு செல்லும் அதனதன் பிளாஸ்டிக் குழியில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது, மின்சுற்றுப் போர்டின் மேல் ஈரம் புகாதபடி பிசின் பூசியிருக்கிறது, வெப்பத்தை அளக்கும் உணரி செல்லை ஒட்டியே இருக்கிறது. போலியில் செல்களின் உறைகள் இரண்டு நிறத்தில். சில செல்களின் முனையில் பழைய வெல்டிங்கைப் பிய்த்தெடுத்த தழும்பு, அதாவது வேறெங்கோ உழைத்துக் களைத்த செல். உணரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரைப் பற்றவைத்திருக்கிறார்கள். இதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சார்ஜர் கேட்கும்போதெல்லாம் அந்த ரெசிஸ்டர் 'சாதாரணமாக இருக்கிறது' என்று ஒரே பதிலைத்தான் சொல்லும், உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாலும். இது கவனக்குறைவால் வந்த பிழை இல்லை, சார்ஜரை ஏமாற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்தது.

போலியில் இல்லாத இன்னொன்று, செல்களைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் கம்பிகள். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாகச் சேர்ந்தது (பத்து செல் என்றால் இரண்டிரண்டாக இணைத்த ஐந்து ஜோடி, ஒரு ஜோடி ஒரு செல் மாதிரி). முழுதாக ஏறும்போது ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21 வோல்ட். அந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் சார்ஜருக்குக் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். ஒரு செல் களைத்துப்போய் 3.8-லேயே நின்றால் மற்ற நான்கும் 4.3-க்கு ஏறும், கூட்டினால் அப்போதும் 21-தான். சார்ஜர் நிம்மதியாக இருக்கும், அந்த நான்கு செல்களும் கெட ஆரம்பித்திருக்கும். நான் பிரித்த போலியில் செல்களிலிருந்து போர்டுக்குப் போனவை ஒரு பிளஸ், ஒரு மைனஸ், அவ்வளவுதான்.

கொள்ளளவு விஷயத்துக்கு வருகிறேன். போலியின் லேபிளில் 6.0 ஆம்பியர்-மணி என்று இருந்தது, சோதிக்கும் கருவியில் போட்டால் மூன்றைக்கூடத் தொடவில்லை. அதே பக்கத்தில் அதே அளவுக் கூட்டில் 9.0 என்றும் விற்கிறார்கள். இரண்டிரண்டாக இணைத்த பத்து செல்லில் 9.0 வர வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லும் 4.5 இருக்க வேண்டும். 18650 அளவில் நல்ல நிறுவனங்கள் செய்கிற செல்லே 3.5 அளவில்தான் நிற்கிறது, கிரைண்டர் கேட்கிற மின்னோட்டத்தைத் தாங்குகிற செல் என்றால் அதைவிடக் குறைவு. இணையச் சந்தை நடத்துகிறவர்களே, இந்தக் கணக்கைப் போட ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. விளம்பரத்தை ஏற்றும்போதே உங்கள் கணினி தடுத்திருக்கலாம்.

பிராண்ட் இல்லாத பேட்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல செல் போட்டு, தன் பெயரைத் தைரியமாக எழுதி, 4.0 என்றால் 4.0 கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைக்கட்டும். பிராண்ட் நிறுவனங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் ஏறாது, ஒரு முறை ஒரு நிறுவனத்தின் நிறத்தை வாங்கிவிட்டால் கடைசிவரை அந்த நிறம்தான், 5.0 பேட்டரி ஒன்று நூறு வெள்ளியைத் தாண்டுகிறது. வீவக வீட்டில் சத்தம் அதிகமுள்ள வேலையை வாரநாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. நியாயமான விதி, அண்டை வீட்டாருக்கும் நிம்மதி வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்குள் முடிக்க ஆளுக்கு இரண்டு மூன்று பேட்டரியாவது கையில் வேண்டும். போலிக்காரர்கள் பிழைப்பதே இந்தத் தேவையை வைத்துத்தான்.

வேலையிடத்தில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. தலைக்கவசம், காலணி, ஏணியைப் பிடிக்க ஆள், எதை விட்டாலும் அபராதம். நாங்கள் கேட்டு நடக்கிறோம், நடக்கவும் வேண்டும். ஆனால் கையில் வெடிக்கக்கூடிய ஒரு பொருளைப் பொய் சொல்லி விற்றவரைக் கேட்க ஆள் இல்லை. கையைச் சுட்டுக்கொண்ட தம்பி எத்தனை நாள் சம்பளம் போகும் என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவருக்குச் சம்பளம் போகவில்லை, அது என் பொறுப்பு. விற்றவருக்கு என்ன பொறுப்பு?

உங்களால் முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் தீப்பிடித்தபோது செய்தீர்களே. யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத சாதனத்தை 2019 ஜூலை 1 முதல் கடைகள் விற்கக் கூடாது, 2020 ஜூலை 1 முதல் அதைப் பொதுப்பாதையில் ஓட்டக் கூடாது என்று தேதி குறித்தே நடத்திக் காட்டினீர்கள். ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், மின்விசிறி உள்பட 33 வகைப் பொருள்களுக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை, கொள்ளளவை லேபிளில் எழுதச் சொல்கிறது. கையடக்க லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புக்கு ஐஇசி 62133-2 என்ற தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. விமானத்திலோ கப்பலிலோ வருகிற லித்தியம் பேட்டரிக்கு யுஎன் 38.3 சோதனைச் சுருக்கம், அதாவது ஏற்றிச் செல்லப் பாதுகாப்பானது என்று சோதித்ததற்கான தாள், இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்தத் தாளை விற்பவரிடம் கேளுங்கள், பக்கத்தில் போடச் சொல்லுங்கள். இல்லாதவர் விற்க வேண்டாம்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். செல் யாருடையது, உண்மையான கொள்ளளவு என்ன, இங்கே யார் பொறுப்பு என்று எழுதாத கருவி பேட்டரியை விற்க விடாதீர்கள். ஒரு கடையை நீக்கினால் அதே படங்களோடு திரும்பி வருவதையும் தடுங்கள். எரிந்த பேட்டரியைத் தபாலில் அனுப்பச் சொல்லும் வழக்கத்தை மட்டும் இந்த வாரமே நிறுத்துங்கள், அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். நான் பிரித்த இரண்டு பேட்டரிகளும் என்னிடம் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் வேலைக்கு விடுப்புப் போட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வீவக வீடுகளில் வேலை செய்யும் ஒரு சிறு ஒப்பந்தக்காரர்