கயலுக்கு, அந்த ஏழு நிமிடப் பாட்டைப் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாய். சத்தம் இங்கே நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்து ராக் குழு லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் கடைசியாக வரும் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டில் ட்ரம்ஸ் மட்டும் எப்படி அப்படி இடிக்கிறது என்று கேட்டாய். நான் விடுதியில் கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டு. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ இப்போது அமெரிக்காவில் மெம்ஃபிஸில் இருக்கிறாய். அந்தப் பாட்டின் மீதிக் கதை உன் வீட்டுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. அதையும் கேள்.

முதலில் ட்ரம்ஸ். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய பெரிய கட்டடம். 1795இல் ஏழைகளை வேலை வாங்கித் தங்கவைக்கும் விடுதியாகக் கட்டியது. அங்கே ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டூடியோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பாட்டுகளைப் பதிந்தார்கள். குழுவின் ட்ரம்மர் ஜான் பானமின் ட்ரம்ஸை வாசல் கூடத்தில், மாடிப்படி சுற்றி ஏறுகிற இடத்தின் அடியில் வைத்தார்கள். வழக்கமாக ஒவ்வொரு ட்ரம்முக்கும் பக்கத்திலேயே மைக் வைப்பார்கள். இங்கே ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ், மாடியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். கீழே அடிக்கிற அடி, சுவரிலும் படியிலும் மோதி மேலே ஏறிவரும் சத்தத்தைத்தான் நீ கேட்கிறாய். அதை பின்சன் என்ற இத்தாலிய எக்கோ கருவிக்குள் செலுத்தினார்கள். பதிந்து முடித்த பிறகு டேப்பின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள். அதனால்தான் கிட்டாரும் மவுத் ஆர்கனும்கூடச் சேற்றில் நடப்பது மாதிரி வருகின்றன. மேடையில் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. 1975 சுற்றுப்பயணத்தில் சில தடவை வாசித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ட்ரம்ஸ் கதை இவ்வளவுதான். இனி என் துறை.

லெவி என்பது ஆற்று வெள்ளம் ஊருக்குள் வராமல் போடுகிற மண்கரை. சர்வீஸ் முழுக்கக் கொள்ளிடத்துக் கரைகளோடு நான் மல்லுக்கட்டியது உனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி ஃபோன் அடித்தால் அம்மா முதலில் டார்ச் லைட்டைத்தான் தேடுவாள். கரைக்கு இந்தப் பக்கம் வயலில் தண்ணீர் கொப்பளித்துக் கிளம்பி, அதில் மண் கலங்கி வந்தால், அப்புறம் கரைமேல் எவ்வளவு மணல் மூட்டை அடுக்கினாலும் பிரயோஜனம் குறைவு. கரை அடியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மிசிசிப்பி ஆற்றில் அமெரிக்க எஞ்சினியர்கள் பல பத்து வருஷம் ஒரே கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: கரை மட்டும் போதும், வடிகால் வேண்டாம், வெள்ளத்தை ஒதுக்கிவிட வேறு வழியும் வேண்டாம். இரண்டு பக்கமும் கரையை உயர்த்தி ஆற்றை நெருக்கினால், அது தன் அடியைத் தானே அரித்து ஆழமாகிக்கொள்ளும் என்பது கணக்கு. ஆழமாவதற்குப் பதில் வெள்ளத்தின் மட்டம்தான் ஏறியது. மட்டம் ஏறினால் கரையை இன்னும் உயர்த்துவார்கள். 1926 ஆகஸ்டிலிருந்து மேலே எங்கும் மழை. 1927 ஏப்ரல் 21ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வில் ஊருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைப்பெடுத்தது. ராத்திரி முழுக்க அங்கே மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளிகள், துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டவர்கள். அவர்களில் எத்தனை பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது என்பதற்குச் சரியான கணக்கே எழுதப்படவில்லை. அந்த வருஷம் மொத்தம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் மூழ்கியது. சில இடங்களில் 30 அடித் தண்ணீர்.

உடைப்பு எங்கள் தொழிலில் நடக்கக்கூடியதுதான். அதற்கப்புறம் கிரீன்வில்லில் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஊரே மூழ்கியதால் சுமார் 13,000 கறுப்பின மக்கள் மிச்சமிருந்த கரையின் மேல் ஏறி நின்றார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெள்ளம். ஏற்றிப்போக நீராவிக் கப்பல்கள் வந்தன. ஊர் நிவாரணக் குழுத் தலைவர் வில் பெர்சி எல்லோரையும் அனுப்பிவிடலாம் என்றுதான் ஏற்பாடு செய்தார். பருத்தித் தோட்ட முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா லீராய் பெர்சியே அவர்களுக்குத்தான் பின்பலம். கூலியாட்கள் இப்போது போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்தி எடுக்க ஆளிருக்காது என்பதுதான் பயம். கப்பல்கள் இடம் நிறைய இருந்தும் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போயின.

மற்றவர்களுக்குக் கரையே முகாம். ஆயுதப் படை காவல். வெளியே போக அனுமதிச் சீட்டு. சட்டையில் அட்டை குத்திக்கொண்டு வேலை செய்தால்தான் ரேஷன். நிவாரணப் பொருளை இறக்குவதும் அவர்கள்தான், அதுவும் கூலி இல்லாமல். ஜூலையில் ஒருநாள், ராத்திரியெல்லாம் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒருவரை மறுபடி வேலைக்கு வா என்று ஒரு போலீஸ்காரர் அழைத்தார். முடியாது என்று சொன்னதற்குச் சுட்டுக் கொன்றார்.

இந்த வெள்ளத்தைப் பற்றித்தான் 1929 ஜூனில் ப்ளூஸ் பாடகர்கள் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனிக்காக இந்தப் பாட்டைப் பதிந்தார்கள். லெட் செப்பெலின் பின்னால் எடுத்து மாற்றிப் பாடியது இதைத்தான். மின்னியின் சொந்தப் பெயர் லிஸி டக்ளஸ். மெம்ஃபிஸுக்குத் தெற்கே வால்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். நீ சனிக்கிழமை சாப்பிடப் போகிறாயே, அந்த பீல் ஸ்ட்ரீட்டில் கிட்டார் வாசித்துப் பெயர் வாங்கியவர். இந்தப் பாட்டில் பாடுவது ஜோ, கிட்டார் இருவரும். இரண்டு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். ட்ரம்ஸே கிடையாது! கொஞ்சம் துள்ளலாகக்கூட இருக்கும். முதல்முறை கேட்டால் 'இதுவா அது?' என்று தோன்றும்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். மழை விடாமல் பெய்தால் கரை உடையும், அழுதாலும் கும்பிட்டாலும் பலனில்லை என்பது இரண்டிலும் இருக்கிறது. ஜோ பாடுவதில் இன்னொன்று உண்டு: ராப்பகலாகக் கரையில் வேலை செய்தேன், தண்ணீரைத் தடுக்க ஆளில்லை என்கிறார். லெட் செப்பெலின் பாட்டில் அது இல்லை. அங்கே கரைமேல் உட்கார்ந்து முனகுவதோடு சரி. அதற்குப் பதிலாக சிகாகோவுக்குப் போவதைச் சேர்த்தார்கள். பொருத்தமான சேர்க்கைதான். வெள்ளத்துக்குப் பிறகு முதலாளிகள் பயந்தபடியே நிறையப் பேர் வடக்கே கிளம்பிவிட்டார்கள். ஜோவும் மின்னியுமே சிகாகோ போய் அங்கேதான் வெகுகாலம் வாழ்ந்தார்கள். ஆனாலும் அந்த வேலையைப் பற்றிய வரியை விட்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி. கரையில் நின்றது யார் என்பது அதில்தான் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் இந்த ஒரு தடவை லெட் செப்பெலின்காரர்கள் ஓரளவு நியாயமாக நடந்தார்கள். 1971 நவம்பரில் ஆல்பம் வந்தபோது பாட்டை எழுதியவர்களாகக் குழுவின் நான்கு பேரோடு மெம்ஃபிஸ் மின்னி பெயரும் இருந்தது. ஜோவின் பெயர் இல்லை. அவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' பாட்டு தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்ட பிறகுதானே வழிக்கு வந்தார்கள். ஜோ 1950இலேயே இறந்துவிட்டார். ஆல்பம் வந்தபோது மின்னி உயிரோடுதான் இருந்தார், பக்கவாதம் வந்து மெம்ஃபிஸில். 1973இல் இறந்தார். வால்ஸில் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் புதைத்தார்கள். 1996இல் பாடகி போனி ரெய்ட் பணம் கொடுத்த பிறகுதான் கல்லறையில் கல்லே வைத்தார்கள்.

அரசாங்கத்துக்கும் 1928இல் புத்தி வந்தது. புதுச் சட்டம் போட்டு, கரையோடு, வெள்ளத்தை ஒதுக்கிவிடும் வெள்ளப்போக்கிகளும் கட்ட ஆரம்பித்தார்கள். நிவாரணத்துக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் ஹூவர் அதே வருஷம் தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானார். முகாம்களில் நடந்தது முழுதாக வெளியே வராமல் பார்த்துக்கொண்டதும் அவருக்கு உதவியது.

உன் வீட்டிலிருந்து வால்ஸுக்குக் காரில் அரை மணிகூட ஆகாது. 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கு. லீவு கிடைத்தால் கிரீன்வில் வரைக்கும் போய் வா. அது கொஞ்சம் தூரம், காலையில் கிளம்பினால்தான் சரிப்படும். அங்கே வெள்ளத்துக்கென்றே ஒரு சின்ன மியூசியம் உண்டு, திறந்திருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்.

அப்புறம், கரைமேல் ஏறினால் எனக்கு இரண்டு போட்டோ வேண்டும். ஒன்று பக்கவாட்டில் சரிவு தெரிகிற மாதிரி, இன்னொன்று மேலே அகலம் தெரிகிற மாதிரி. யாரையாவது பக்கத்தில் நிற்கவைத்து எடு, அப்போதுதான் உயரம் தெரியும். மாலாவை நிறுத்தினால் கரை நிஜத்தைவிட உயரமாகத் தெரியும், வேறு ஆளைப் பார். பருப்புப்பொடி போன வாரமே அனுப்பியாயிற்று, வந்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா